தீப்பெட்டிக்குள் ஓர் உலகம்

நுழையும் முன்

வீட்டை விட்டு வெளியே செல்ல இயலாத நாள்கள் எல்லோருடைய வாழ்விலும் வருகின்றன. காய்ச்சல், கடுமழை, ஊரடங்கு எனக் காரணங்கள் பல. பெற்றோரின் பணிமாற்றத்தால் புதிய ஊருக்கு வந்து, நண்பர் எவரும் இன்றிக் கழியும் கோடை விடுமுறையும் அத்தகையதே. அந்நாள்களில் கைக்கு வேலையும் மனத்திற்கு ஆறுதலும் தருபவை இரண்டு: ஒன்று, சிறு பொருள்களைச் சேகரித்தல், மற்றொன்று, சிற்றுருவங்களைச் செய்தல். அவை எவ்வாறு ஆறுதல் தருகின்றன என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

வீடே உலகான நாள்கள்

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், கொரோனா பெருந்தொற்றைத் தடுக்க இந்தியா முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. முதலில் 21 நாள்கள் என அறிவிக்கப்பட்ட அது, பின்னர்ப் பலமுறை நீட்டிக்கப்பட்டது. உங்களில் பலர் அப்போது சிறு குழந்தைகளாக இருந்திருப்பீர்கள். பள்ளிகள் மூடப்பட்டன, விளையாட்டுத் திடல்கள் வெறிச்சோடின, பயணிகள் தொடர்வண்டிகள் நின்றன.

தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் குடும்பங்களுக்கு இது கூடுதல் துயரத்தைத் தந்தது. கோடை வந்தால் கிராண்ட் டிரங்க் விரைவுவண்டியிலோ தமிழ்நாடு விரைவுவண்டியிலோ ஏறி ஊருக்குச் செல்வது தில்லித் தமிழ்ப் பிள்ளைகளின் வழக்கம். அவ்வாண்டு அப்பயணம் நிகழவில்லை. ஊரில் இருந்த தாத்தாவையோ பாட்டியையோ இறுதியாக ஒருமுறை காணவும் சிலரால் இயலவில்லை.

இத்தகைய துயரத்தை ஒரு பொழுதுபோக்கு போக்கிவிடும் என்று கூற முடியாது. ஆயினும், அந்நாள்களில் பல வீடுகளில் பழைய பெட்டிகள் திறக்கப்பட்டன. நாணயங்கள் துலக்கப்பட்டன. அட்டையும் பசையும் கொண்டு குட்டி வீடுகள் எழுந்தன. வெளியுலகம் நம் கட்டுப்பாட்டில் இல்லாதபோது, கைப்பிடி அளவு உலகம் ஒன்றையேனும் ஒழுங்குபடுத்தி வைக்க மனம் விரும்புகிறது. சிறிய செயல் ஒன்றைத் தொடங்கி, அன்றே முடித்துக் காணும் நிறைவு, அடுத்த நாளை எதிர்கொள்ளச் சிறிது வலிமை தருகிறது.

படுக்கையில் விரிந்த உலகம்

வீட்டோடு முடங்க நேர்ந்தோருக்குச் சேகரிப்பு துணையாக இருந்தமைக்கு அமெரிக்க நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் சிறந்த எடுத்துக்காட்டு ஆவார். அவர் சிறு வயதிலேயே அஞ்சல்தலை சேர்க்கத் தொடங்கியவர். 1921ஆம் ஆண்டு, தம் 39ஆம் வயதில், இளம்பிள்ளைவாதம் என்று மருத்துவர்கள் கண்டறிந்த நோய் அவரைத் தாக்கியது. கால்கள் செயலிழந்தன. ஓடியாடித் திரிந்த மனிதர் நெடுநாள் படுக்கையிலேயே இருக்க வேண்டியதாயிற்று.

அக்காலத்தில் அவர் தம் அஞ்சல்தலைத் தொகுப்பை மீண்டும் விரித்து வைத்தார். ஒவ்வொரு தலையையும் உருப்பெருக்கியால் நோக்கி, நாடு வாரியாகப் பிரித்து ஒட்டினார். நடக்க இயலாத கால்களால் காண முடியாத நாடுகளை அவர் கண்கள் சுற்றி வந்தன. பின்னர் 1933ஆம் ஆண்டு முதல் 1945ஆம் ஆண்டில் மறையும் வரை அவர் நாட்டின் தலைவராக இருந்தார். உலகப் போரின் நெருக்கடிகளுக்கு இடையிலும் அஞ்சல்தலைகளுக்கெனச் சிறிது நேரம் ஒதுக்கினார். சில அஞ்சல்தலைகளுக்குத் தாமே மாதிரி வரைந்தும் தந்தார்.

அஞ்சல்தலையில் அப்படி என்ன இருக்கிறது? விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் அஞ்சல்தலை 1947ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் வெளியிடப்பட்டது. அதில் நம் தேசியக்கொடி பறக்கிறது. விலை மூன்றரை அணா. அந்தச் சிறு தாளில் ஒரு நாட்டின் பிறப்பும், அக்கால நாணய முறையும், அச்சுக்கலையும் அடங்கியுள்ளன. உற்று நோக்குபவருக்குச் சிறு பொருளும் பெருஞ்செய்தி கூறும்.

தில்லியில் ஒரு பொம்மை இல்லம்

கேரளத்தின் காயங்குளத்தில் பிறந்து தில்லியில் குடியேறியவர் கே. சங்கர் பிள்ளை. புகழ்பெற்ற கேலிச்சித்திரக் கலைஞரான அவர், குழந்தைகளுக்காக ஓவியப் போட்டிகளை நடத்தி வந்தார். அப்போட்டியில் பரிசாக வழங்குமாறு ஹங்கேரி நாட்டுத் தூதர் ஒரு பொம்மையை அளித்தார். அதன் அழகு சங்கரின் மனத்தைக் கவர்ந்தது. அன்று முதல், தாம் செல்லும் நாடுகளில் எல்லாம் அந்நாட்டு உடை அணிந்த பொம்மைகளை அவர் சேர்க்கலானார்.

தொகுப்பு ஏறத்தாழ 500 பொம்மைகளாக வளர்ந்தபோது, குழந்தைகளின் ஓவியங்களோடு அவற்றையும் ஊர் ஊராகக் கொண்டுசென்று காட்சிக்கு வைத்தார். ஆனால், அடிக்கடி கட்டுவதாலும் பிரிப்பதாலும் பொம்மைகள் உடைந்தன. அவற்றிற்கு நிலையான இல்லம் ஒன்று தேவை என்ற எண்ணம் பிறந்தது. அதன் பயனாக, தில்லி பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் உள்ள நேரு இல்லத்தில் 1965ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் சங்கர் பன்னாட்டுப் பொம்மைகள் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இன்று அங்கு 85 நாடுகளைச் சேர்ந்த 6000க்கும் மேற்பட்ட பொம்மைகள் உள்ளன.

ஊர் மாறும்தோறும் வீட்டுப் பொருள்களைக் கட்டிப் பிரிக்கும் துன்பம், பணிமாற்றம் உள்ள குடும்பத்தில் வளரும் பிள்ளைகளுக்குப் புதிதன்று. பொம்மைகளுக்கே நிலையான இல்லம் வேண்டியிருக்கிறது என்றால், மனிதர்க்கு வேண்டாவோ? மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு மாறினாலும், மாறாத ஒரு மூலையைக் கையோடு கொண்டுசெல்ல வழி உண்டு. அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு தீப்பெட்டி போதும்.

தீப்பெட்டி சொல்லும் ஊர்

உங்கள் வீட்டுச் சமையலறையில் உள்ள தீப்பெட்டியைப் பெற்றோரிடம் கேட்டு வாங்கி, அதன் பக்கங்களைப் படித்துப் பாருங்கள். நீங்கள் குவாலியரிலோ கவுகாத்தியிலோ வாழலாம். ஆனால், அப்பெட்டியில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, குடியாத்தம் ஆகிய ஊர்களில் ஒன்றின் பெயர் இருக்க வாய்ப்பு மிகுதி. இந்தியாவில் செய்யப்படும் தீப்பெட்டிகளில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் உருவாகிறது. உங்களைப் போலவே அந்தத் தீப்பெட்டியும் தமிழ்நாட்டிலிருந்து நெடுந்தொலைவு பயணம் செய்து வந்துள்ளது!

இத்தொழில் சிவகாசிக்கு வந்த வரலாறும் ஒரு பயணக் கதையே. மழை குறைந்த வறண்ட நிலம் அது. உழவை மட்டும் நம்பி வாழ இயலாத நிலையில், 1922ஆம் ஆண்டு அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவிற்குச் சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றனர். ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினர். மழை குறைந்த வானிலையே, தீக்குச்சிகளை உலர்த்த ஏற்றதாக அமைந்தது. தீப்பெட்டிகளின் மேல் ஒட்டுவதற்கு வண்ணப் படங்கள் தேவைப்பட்டன. அத்தேவையிலிருந்து அச்சுத் தொழிலும் அங்கு வளர்ந்தது. இன்று சிவகாசியில் அச்சான நாள்காட்டிகள் நாடெங்கும் சுவர்களில் தொங்குகின்றன.

கப்பல், பறவை, மலர், விலங்கு எனத் தீப்பெட்டிப் படங்கள் பலவகை. அவற்றைச் சேகரிப்போர் உலகெங்கும் உள்ளனர். கடிதம் அரிதாகிவிட்ட இக்காலத்தில் அஞ்சல்தலை கிடைப்பது கடினமாக இருக்கலாம். தீப்பெட்டிப் படத்திற்கோ செலவே இல்லை. வெற்றுப் பெட்டிகளே போதும். ஒரு குறிப்பேட்டில் படத்தை ஒட்டி, அதன் அருகில் கிடைத்த நாள், கிடைத்த ஊர், செய்யப்பட்ட ஊர் ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். குறிப்பு இல்லாத பொருள் விரைவில் குப்பையாகும். குறிப்பு உள்ள பொருள் சான்றாகும்.

தமிழர் போற்றிய சிறுமை

சிறியவற்றைச் செய்து மகிழ்வது தமிழர்க்குப் பழகிய கலை. சிறுமியர் மணலில் கட்டிய விளையாட்டு வீட்டிற்குச் 'சிற்றில்' என்று பெயர். சிறுவர் உருட்டிய விளையாட்டு வண்டி 'சிறுதேர்' எனப்பட்டது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பனவாகும். குழந்தையின் விளையாட்டுப் பொருளுக்கு இலக்கியத்திலேயே இடம் தந்த மரபு நம்முடையது.

இம்மரபு வீடுகளிலும் தொடர்ந்தது. மரத்தாலும் மாக்கல்லாலும் பித்தளையாலும் ஆன 'சொப்புச் சாமான்' பல வீடுகளில் இன்றும் உண்டு. அடுப்பு, அம்மி, ஆட்டுக்கல், உரல், குடம், தோசைக்கல் எனப் பாட்டி வீட்டு அடுக்களை முழுவதும் அதில் அடங்கிவிடும். இன்றைய வீடுகளில் அம்மியும் உரலும் அருகிவிட்டன. அவை எவ்வாறு இருந்தன என்பதைப் பல பிள்ளைகளுக்குச் சொப்பே முதலில் கற்பிக்கிறது.

நவராத்திரியின்போது ஒற்றைப்படை எண்ணிக்கையில் படிகள் அமைத்து வைக்கப்படும் கொலுவும், தலைமுறைகள் சேர்ந்து உருவாக்கும் தொகுப்பே. ஆண்டுதோறும் ஒரு பொம்மையேனும் புதிதாக வாங்குவது பல குடும்பங்களில் வழக்கம். விழா முடிந்ததும் அவை பழைய துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றிப் பரணில் வைக்கப்படும். தில்லி கரோல்பாக்கிலும் மும்பை மாட்டுங்காவிலும் குடியேறிய குடும்பங்கள் கொலுப் பெட்டியையும் உடன் கொண்டுசென்றன. கிறித்தவ இல்லங்களில் கிறிஸ்துமஸ் காலத்தில் வைக்கோலும் அட்டையும் கொண்டு அமைக்கப்படும் குடிலும், அதனுள் வைக்கப்படும் சிறு உருவங்களும் அத்தகையனவே. பெரிய வீட்டைப் பெயர்த்து எடுத்துச் செல்ல இயலாது. அதன் நினைவைச் சுமந்த சிறு பொருளை எடுத்துச் செல்லலாம்.

பன்னிரண்டில் ஒரு பங்கு

புது தில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர். 340 அறைகள் கொண்ட அம்மாளிகைப் பணி நடைபெற்ற காலத்திலேயே, அவர் இன்னொரு மாளிகையையும் உருவாக்கினார். அதன் உயரம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் மட்டுமே! இங்கிலாந்து அரசி மேரிக்காக 1921 முதல் 1924 வரை செய்யப்பட்ட பொம்மை வீடு அது. அதன் விளக்குகள் எரியும். குழாய்களில் நீர் வரும். அதன் நூலகத்திற்கென எழுத்தாளர்கள் பலர் தம் கையாலேயே குட்டி நூல்களை எழுதித் தந்தனர். இன்று அது விண்ட்சர் கோட்டையில் உள்ளது.

அவ்வீட்டின் பொருள்கள் அனைத்தும் 1:12 என்னும் அளவுவிகிதத்தில் அமைந்தவை. அதாவது, உண்மைப் பொருளின் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டுள்ளது. சிற்றுருவக் கலைஞர் பலரும் இன்றும் இவ்விகிதத்தையே பின்பற்றுகின்றனர். 210 செ.மீ. உயரமுள்ள கதவு இம்முறையில் 17.5 செ.மீ. ஆகும். 45 செ.மீ. உயரமுள்ள முக்காலி 3.75 செ.மீ. ஆகும். 30 செ.மீ. உயரமுள்ள குடம் 2.5 செ.மீ. ஆகும். எல்லாப் பொருள்களும் ஒரே விகிதத்தில் குறைந்தால்தான் சிற்றுருவம் உண்மை போலத் தோன்றும். குடம் கதவை விடப் பெரிதாக இருந்தால் கண் நம்பாது.

இனி, உங்கள் பாட்டி வீட்டை 1:12 விகிதத்தில் செய்ய முயல்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். உடனே வினாக்கள் எழும். திண்ணையில் தூண்கள் எத்தனை? முற்றத்தில் மழைநீர் எங்கு விழும்? விளக்கு மாடம் எப்பக்கச் சுவரில் இருந்தது? கூடத்திற்கும் அடுக்களைக்கும் இடையே படி உண்டா? கொல்லைப்புறக் கதவின் தாழ்ப்பாள் மரமா, இரும்பா? 'பாட்டி வீடு எனக்கு நன்றாகத் தெரியும்' என்று எண்ணியிருந்தவரும் விடை கூறத் திணறுவர்.

அப்போது செய்யத்தக்கது ஒன்றே: பாட்டியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பது. வழக்கமாக 'சாப்பிட்டாயா? படித்தாயா?' என்ற இரண்டு வினாக்களோடு முடியும் உரையாடல், அன்று நெடுநேரம் நீளும். திண்ணை, நிலைப்படி, உத்திரம், மாடம், முற்றம், கொல்லை என்னும் சொற்கள் ஒவ்வொன்றாகத் தொலைபேசி வழியே வந்து சேரும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் பிள்ளைக்கு இச்சொற்களைப் பயன்படுத்தும் தேவை எழுவதில்லை. பயன்படாத சொல் மெல்ல மறையும். அட்டையில் ஒரு திண்ணையைக் கட்டும்போது, அச்சொல்லும் உங்களோடு குடியேறுகிறது. சிற்றுருவம் செய்பவர் தம்மை அறியாமலே சொற்களையும் சேகரிக்கிறார்.

சேகரிப்பும் குவிப்பும்

கண்ணில் பட்டவற்றை எல்லாம் வாங்கி நிறைப்பது சேகரிப்பு ஆகாது; அது குவிப்பு. சேகரிப்பவர் தேர்ந்தெடுக்கிறார், வகைப்படுத்துகிறார், குறிப்பு எழுதுகிறார், இரட்டையாக உள்ளதைப் பிறருக்குத் தருகிறார். குவிப்பவர் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறார். விலை உயர்ந்த பொருளைக் கேட்டு வீட்டாரை வருத்துவதும் சேகரிப்பின் நோக்கம் அன்று. பழைய பயணச்சீட்டு, புளியங்கொட்டை, சோழி, உடைந்த வளையல் துண்டு, சட்டைப் பொத்தான் ஆகியவையே நல்ல தொகுப்பிற்குப் போதுமானவை.

மேலும், உயிருள்ளவற்றைச் சேகரித்தல் கூடாது. பறவைக் கூட்டையும் முட்டையையும் தொடாமல் விட்டுவிட வேண்டும். பட்டாம்பூச்சியைப் பிடித்து ஏட்டில் குத்தி வைப்பதை விட, அதைப் பார்த்து வரைந்து வைப்பது சிறந்தது.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். தனிமையும் அச்சமும் மிகுந்து உறக்கமும் பசியும் குறையும்போது, பொம்மையும் அஞ்சல்தலையும் மட்டும் போதா. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மனம் திறந்து பேச வேண்டும். அவர்களிடம் நேரடியாகப் பேசத் தயங்கினால், உங்கள் தொகுப்பைக் காட்டிப் பேச்சைத் தொடங்கலாம்.

செய்து பார்ப்போம்: ஆறு ஊர் இழுப்பறை

தேவையானவை: ஒரே அளவுள்ள வெற்றுத் தீப்பெட்டிகள் ஆறு, பசை, வண்ணத்தாள், சிறு மணிகள் ஆறு, நூல், ஊசி. தீக்குச்சிகளைப் பெரியவர்களே அகற்றித் தருதல் வேண்டும்.

1. தீப்பெட்டிகளின் உள்தட்டுகளை வெளியே எடுத்து வைக்கவும்.
2. வெளிக்கூடுகளை மூன்று மூன்றாக அடுக்கி, இரண்டு அடுக்குகளையும் அருகருகே ஒட்டவும். பசை உலரும் வரை அவற்றின் மேல் ஒரு நூலை வைக்கலாம்.
3. கூட்டின் மேல், கீழ், பக்கங்கள் ஆகியவற்றைச் சுற்றி வண்ணத்தாள் ஒட்டவும். முன்புறம் திறந்திருக்க வேண்டும்.
4. ஒவ்வோர் உள்தட்டின் முன்புறத்திலும் ஊசியால் துளையிட்டு, நூலில் கோத்த மணியைக் கைப்பிடியாகக் கட்டவும். ஊசியைப் பெரியவர் துணையோடு கையாளவும்.
5. உலர்ந்த பின் தட்டுகளைக் கூடுகளில் செருகவும்.

ஆறு இழுப்பறைகள் உடைய சிறு பேழை அணியமாகிவிட்டது. இனி, ஒவ்வோர் இழுப்பறையிலும் ஓர் ஊரின் பெயரை எழுதுக. முதல் இழுப்பறை உங்கள் சொந்த ஊருக்கு. மற்றவை நீங்கள் வாழ்ந்த, வாழும் ஊர்களுக்கு. ஒவ்வொன்றிலும் அவ்வூரை நினைவூட்டும் ஒரு பொருளையும், அவ்வூரில் நீங்கள் கற்ற ஒரு சொல்லை எழுதிய சிறு தாளையும் வைக்கவும். ஓர் இழுப்பறையையேனும் வெறுமையாக விடுங்கள். அது நீங்கள் இனிச் செல்லவிருக்கும் ஊருக்கு உரியது.

சொற்பொருள்

அடுக்களை – சமையலறை
அணியம் – ஆயத்தம்
உத்திரம் – கூரையைத் தாங்கும் குறுக்கு மரம்
கொல்லை – வீட்டின் பின்புறம்
நிலைப்படி – வாசற்கதவின் கீழ்ப்பகுதி
பரண் – பொருள்கள் வைக்க, சுவரின் மேற்பகுதியில் அமைத்த தட்டு
பேழை – பெட்டி
மாக்கல் – செதுக்குவதற்கு ஏற்ற மென்மையான கல்
மாடம் – விளக்கு வைக்கச் சுவரில் அமைத்த குழிவு

பயிற்சிகள்

அ. பிரித்து எழுதுக.
1. சிற்றில் = சிறுமை + ______
2. சிறுதேர் = ______ + தேர்
3. அஞ்சல்தலை = ______ + ______

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ரூஸ்வெல்ட் நோயுற்றிருந்த காலத்தில் அஞ்சல்தலைகள் அவருக்கு எவ்வாறு துணையாயின?
2. சங்கர் சேகரித்த பொம்மைகளுக்கு நிலையான இல்லம் ஏன் தேவைப்பட்டது?
3. சிவகாசியில் அச்சுத் தொழில் வளர்ந்தமைக்குக் காரணம் யாது?
4. 180 செ.மீ. உயரமுள்ள அலமாரியை 1:12 விகிதத்தில் செய்தால் அதன் உயரம் எவ்வளவு?

இ. விரிவாக விடை எழுதுக.
1. சேகரிப்பிற்கும் குவிப்பிற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.
2. 'சிற்றுருவம் செய்பவர் சொற்களையும் சேகரிக்கிறார்' – இக்கூற்றை விளக்குக.

ஈ. செயல்பாடு
உங்கள் தாத்தா, பாட்டி அல்லது உறவினர் ஒருவரிடம் அவர்கள் சிறு வயதில் வாழ்ந்த வீட்டைப் பற்றிக் கேட்டறிக. அவ்வீட்டின் தரைப்படத்தை வரைந்து, ஒவ்வொரு பகுதிக்கும் அவர்கள் கூறிய பெயரை எழுதி, வகுப்பில் காட்டுக.